ஏற்றம் இல்லாத கணவாய்

மலையைக் கடந்து செல்லும் வழிக்கு அரபு மொழியில் பல சொற்கள் உண்டு. இரு மலைகளுக்கு இடையே அகன்று கிடக்கும் வழி 'ஃபஜ்' எனப்படும். ஹஜ்ஜுக்கு வருவோர் எத்தனையோ தொலைவான ஃபஜ்களின் வழியே வந்து சேர்வர் என்று திருமறை கூறும் இடத்தில் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. மலையின் தோளில் வளைந்து ஏறும் பாதை 'தனிய்யா'. மதீனத்தார் பயணம் போவோரை வழியனுப்பிய எல்லைக்குத் 'தனிய்யத்துல் வதா' என்றே பெயர். குன்றுகளிடையே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளம் 'ஷிஃபு'. குறைஷியர் ஒதுக்கி வைத்த காலத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அவர்தம் குலத்தாரும் பசியோடு அடைபட்டிருந்தது அபூதாலிபின் ஷிஃபில் அன்றோ! இவை எல்லாவற்றினும் கடுமையான சொல் ஒன்று உண்டு. அது 'அகபா'. மூச்சு வாங்க, முழங்கால் நடுங்க ஏற வேண்டிய செங்குத்தான கணவாய் என்பது அதன் பொருள். கி.பி. 621, 622 ஆகிய ஆண்டுகளில் மதீனத்து மக்கள் மினாவை அடுத்து அண்ணலாரிடம் உறுதிமொழி அளித்த இடமும் ஓர் அகபாவே.

தமிழிலும் இவ்வளம் குறைந்ததன்று. கணவாய் என்கிறோம், போடிமெட்டு, கம்பமெட்டு என்னும் ஊர்ப் பெயர்களில் 'மெட்டு' என்கிறோம். சங்கப் புலவர்கள் தலைவன் பொருள் தேடிக் கடந்த வழியைச் 'சுரம்' என்றனர். மலையாள நாட்டார் இன்றும் கணவாயை அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். சொற்கள் பலவாக இருத்தற்குக் காரணம், அவ்வழிகளைக் கடந்தோர் பலராக இருந்தமையே. வணிகனுக்கு ஒரு வழி, படைக்கு ஒரு வழி, ஓடி ஒளிபவனுக்கு ஒரு வழி. கண்டு களிப்பதற்கென்றே கணவாய்க்குச் செல்வோன் ஒருவன் உண்டென்பதை முன்னோர் அதிகம் அறியார். அவன் புதியவன். அவனைப் பற்றியதே இக்கட்டுரை.

செவ்வாப்பேட்டையில் நான் வசிக்கும் தெருவில் அத்தகையோன் ஒருவன் இருக்கிறான். சிறுவயதில் என்னிடம் ஓதியவன். இப்பொழுது காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். வார விடுமுறையில், பஜ்ருத் தொழுகை முடிந்தவுடன் மிதிவண்டியில் ஏறிவிடுவான். ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரத்து மலையடிவாரம் வரை போய் வருவது அவனுக்குப் பொழுதுபோக்கு. நீண்ட விடுமுறை கிடைத்தால் தோழர்களோடு கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் ஏறிவிட்டு வருவான். இத்தாலி நாட்டின் வடக்கே உள்ள டோலமைட் மலைகளின் கணவாய்கள் அவனது கனவு. கைப்பேசியில் அவற்றின் படங்களை எனக்குக் காட்டியிருக்கிறான். வெண்சுண்ணாம்புச் சுவர்களைப் போல வானளாவ நிற்கும் பாறைகள். மாலை வெயிலில் அவை செந்நிறம் கொள்கின்றன. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலடியில் சிற்றுயிர்களின் ஓடுகளும் பவளமும் படிந்து இறுகி, பின்னர் நிலம் மடிந்து உயர்ந்தமையால் உண்டான மலைகளாம். கடலின் அடித்தளம் வானத்தின் விளிம்பாகி நிற்கும் காட்சியை எண்ணும்போது, 'சுப்ஹானல்லாஹ்' என்று நா தானே மொழிகிறது.

அவன் என்னிடம் ஒருநாள் கேட்டான்: "ஹஜ்ரத், இப்படி மலை ஏறுவதில் நன்மை ஏதும் உண்டா? வீட்டில் வீண் வேலை என்கிறார்கள். கூட வருகிறவர்களோ, இந்தக் கஷ்டம்தான் மனிதனை மனிதனாக்கும் என்கிறார்கள். எது சரி?"

நல்ல கேள்வி. இரண்டு விடைகளும் நம்மிடையே எப்போதும் உலவுபவை. இரண்டுமே அவசரத்தில் சொல்லப்படுபவை என்பது என் துணிபு.

முதல் விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். பயனில்லாக் கேளிக்கையை நம் நூலோர் 'லஹ்வு' என்பர். மலையைக் காணச் செல்வது லஹ்வு ஆகுமா? பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பாருங்கள் என ஏவும் வேதத்தை உடையவர்கள் அப்படிச் சொல்லத் துணிவது வியப்பே. ஒட்டகத்தையும், உயர்த்தப்பட்ட வானத்தையும், நாட்டப்பட்ட மலைகளையும், விரிக்கப்பட்ட நிலத்தையும் ஒரே மூச்சில் சுட்டி, இவற்றைப் பார்க்க மாட்டார்களா என்று கேட்பதும் அவ்வேதமே. காணுதல் ஓர் ஏவல். அழகைக் கண்டு நெஞ்சு விரிதல் குற்றமன்று. நம் பெரியோரில் சிலர் காணுதலைக் கண்ணின் சோம்பலாக எண்ணிவிட்டனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், தாம் பாட வந்தது அரபு நாட்டு வரலாறாக இருந்தும், தமிழகத்து மலையையும் ஆற்றையும் வயலையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாரே, அவருக்குக் காட்சியின் அருமை தெரியாமலா?

இரண்டாம் விடை இதைவிட நுட்பமானது. ஆதலின் இதைவிட ஆபத்தானது. துன்பம் மனிதனை உயர்த்தும், ஆகவே மலையேற்றம் மனிதனை உயர்த்தும் என்கிறது அது. இன்றைய இளைஞர்களிடையே இது ஒரு மதம் போலவே பரவியிருக்கிறது. எத்தனை மீட்டர் ஏறினோம், எத்தனை மணியில் ஏறினோம் என்பதைக் கைக்கடிகாரம் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அக்கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கின்றனர். ஏற்றத்தின் செங்குத்தே பெருமையின் அளவுகோலாகிவிட்டது.

துன்பம் தன்னளவிலேயே மனிதனை உயர்த்துமானால் ஒன்றை நாம் ஒப்ப வேண்டி வரும். ஆங்கிலேயத் துரைமார் நம் நாட்டு ஏழைகளைத் தேயிலைக் காடுகளுக்கு நடத்திச் சென்றது அவர்களுக்குச் செய்த உபகாரமே என்றாகும்! மன்னார்க் கரையில் இறங்கிக் கண்டிச் சீமைக்குக் காட்டு வழியே நடந்தனர் நம் மக்கள்; வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் ஏறிய ஏற்றத்திற்கு எந்தப் பந்தயமும் ஈடாகாது. அந்த ஏற்றம் அவர்களை உயர்த்திற்று என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? இன்றும் விடியுமுன் தேனி மாவட்டத்துப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து நின்று போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றனர். இருட்டும் வேளையில் திரும்புகின்றனர். அதே வளைவுகளில் மிதிவண்டியில் ஏறுவோன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறான். வளைவுகளின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. முடியவில்லை என்றால் அவன் வண்டியை விட்டு இறங்கலாம், பேருந்தில் ஏறிக்கொள்ளலாம், நாளை வராமலும் இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை.

விரும்பி ஏற்ற துன்பத்தில் வெளியேறும் வாசல் திறந்தே இருக்கிறது. அதனால் அது பொய்த் துன்பம் என்று நான் சொல்லவில்லை. தொடை எரிவது எரிவதுதான். அது தேர்ந்தெடுக்கப்பட்டது, தேர்ந்தெடுக்க முடிந்ததே ஒரு செல்வம். அச்செல்வத்தைத் தவமென்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல் என்று ஒரு பொருள் உண்டு. ஆடவரின் குணங்களை அது திரைவிலக்கிக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது என்று சொல்வர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயணத்தின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பகுதி வகுத்தார்கள். அங்கும் இக்கருத்து பேசப்படுகிறது. பயணம் உள்ளே இருப்பதை வெளிக்காட்டும், இல்லாததை உண்டாக்காது. கருணையுள்ளவன் ஏற்றத்தில் களைத்தாலும் தன் தண்ணீரில் பாதியைக் கொடுப்பான். கருமி உச்சிக்குப் போயும் கருமியாகவே இறங்குவான்.

இனி, அகபாவுக்கு வருகிறேன். திருமறையில் 'அல்பலத்' என்னும் சிறிய அத்தியாயம் இச்சொல்லைக் கையாளும் விதம் வியப்புக்குரியது. மனிதன் அந்தச் செங்குத்தான கணவாயில் முனைந்து ஏறவில்லையே என்று கூறிவிட்டு, அக்கணவாய் யாது என்று உனக்கு எது அறிவித்தது எனக் கேட்கிறது. கேட்பவர் மலையை எதிர்பார்க்கிறார். விடையிலோ மலையே இல்லை. அடிமையொருவனின் பிணைப்பை அவிழ்த்தல். பஞ்ச நாளில் உறவான அநாதைக்கோ புழுதியில் கிடக்கும் ஏழைக்கோ சோறு கொடுத்தல். இதுதான் கணவாயாம்! பழைய விரிவுரையாளர்களிற் சிலர், அகபா என்பது மறுமையில் உள்ள ஒரு மலை, அதைக் கடக்க உதவும் செயல்களே இங்கே சொல்லப்பட்டன என்றனர். வேறு சிலர், நற்செயலுக்கு மனத்தோடு செய்யும் போராட்டத்தையே ஏற்றமாக உருவகித்தது என்றனர். இரண்டில் எதைக் கொண்டாலும் ஒன்று தெளிவு: ஏற்றத்தின் கடுமை பாறையில் இல்லை. எதிரே நிற்கும் மனிதனிடத்தில் இருக்கிறது. கட்டுண்டவன், பசித்தவன், இவர்களை நோக்கி எடுத்துவைக்கும் அடி கனக்கிறது.

நம் தமிழிலும் இதற்கு இணையான ஒரு மரபு உண்டென்று எண்ணுவேன். பத்துப்பாட்டில் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. மலைவழியை அவ்வளவு விரிவாகப் பாடிய பழம்பாட்டு வேறொன்று அரிது. அருவி, யானை, தேன், குறவர் ஆரவாரம் என்று மலையின் ஒலியும் ஒளியும் அதில் நிறைந்திருக்கின்றன; எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்ற குறிப்புகளும் இருக்கின்றன. இவ்வளவும் எதற்கு? நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், பசியோடு எதிரே வரும் கூத்தனை அங்கே போகச் செய்வதற்கு. அதனால்தான் அது கூத்தராற்றுப்படை. தான் கண்ட அழகை இல்லாதவனுக்கு வழியாக்கிக் கொடுக்கும் மலைப்பாட்டு அது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மாணவன் மற்றொன்றையும் சொன்னான். சென்ற ஆண்டு அவனும் தோழர்களும் கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மிதிவண்டியில் சென்றனர். "சுண்ணாம்புக்கல் மலை, கணவாய் எல்லாம் நம் பக்கமே இருக்கிறதென்று போனோம் ஹஜ்ரத். ஆனால் அது கணவாயே இல்லை. ஏற்றமே கிடையாது. ஏமாற்றம்தான்" என்றான்.

அவன் சொன்னது ஒருவகையில் உண்மை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை; இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இல்லாமற் போகிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாலக்காடு நகரமோ 100 மீட்டருக்கும் தாழ்வு. கிழக்கிலிருந்து போகிறவனுக்கு இது ஏற்றமன்று, மெல்லிய இறக்கம். அரபியர் பார்த்தால் அகபா என்று சொல்ல மாட்டார்கள், ஃபஜ் என்பார்கள். அங்கே மிதிவண்டிக்காரனை எதிர்ப்பது காற்று ஒன்றுதான். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலின் காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அக்காற்றினால்தான்.

மதுக்கரையிலும் வாளையாற்றிலும் அவ்வாசலின் ஓரத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிர்களின் ஓடுகளை இன்றும் காணலாம். மதுக்கரைக் கல் அப்படிப்பட்டதன்று. நிலத்தின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, உருமாறிப் படிகமான மிகப் பழங்கல். மதுக்கரையில் 1930களில் சிமெண்ட் ஆலை வந்தது. எல்லைக்கு அப்பால் வாளையாற்றில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிற்று. டோலமைட் மலையை மக்கள் சென்று பார்க்கின்றனர். நம் சுண்ணாம்பு மலையோ அரைபட்டு, மூட்டையாகி, நம்மிடமே வந்து வீடாகவும் பாலமாகவும் நின்றுவிட்டது. இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூரையின் கீழ் அமர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஏற்றமே இல்லை என்று அவன் சொன்னானே, அந்த இடத்தில்தான் நான் அவனோடு வேறுபடுகிறேன். அவ்வழியே சென்றவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முசிறித் துறையில் இறங்கிய ரோமர்களின் பொன்னும் வெள்ளியும் அவ்வழியே கொங்கு நாட்டுக்குள் வந்தன. கோவை வட்டாரத்தில் அக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. ஹைதர் அலியின் படை அவ்வழியே சென்றது. 1766இல் அவர் பாலக்காட்டில் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறது. பின்னர் இரயில் வந்தது. 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய முதல் பாதை நம் திருவள்ளூர் வழியாகச் சென்றதே. செவ்வாப்பேட்டை மக்கள் நாள்தோறும் கடக்கும் தண்டவாளம்தான் அது. அதுவே நீண்டு நீண்டு, 1860களின் தொடக்கத்தில் போத்தனூரைத் தாண்டி, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, மலபார்க் கரையில் பேப்பூர் வரை சென்றது. கணவாய் நமக்கு அயலன்று; நம் வாசலில் தொடங்கும் இரும்பு வழியின் மறு பகுதி அது.

1921ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆம் நாள் மாலை. மலபார்க் கிளர்ச்சி அடக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். திரூர் நிலையத்தில் நூறு கைதிகளை ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துச் சென்னைப் பக்கம் செல்லும் இரயிலில் இணைத்தனர். பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள், சிலர் இந்துக்கள். கதவு வெளியே பூட்டப்பட்டது. காற்று நுழைய வேண்டிய கம்பி வலையின் துளைகள் வர்ணப்பூச்சாலும் தூசாலும் அடைபட்டிருந்தன என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. வண்டி ஷொறணூரைக் கடந்தது, ஒலவக்கோட்டைக் கடந்தது. உள்ளேயிருந்து தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும் கதறினர். கதவு திறக்கப்படவில்லை. கணவாயைக் கடந்து நள்ளிரவுக்குப் பின் போத்தனூரில் கதவைத் திறந்தபோது, உள்ளே பிணங்களும் பிணமாகிக்கொண்டிருந்தவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தனர். ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். அதே பெட்டியில் உடல்கள் திரூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. முஸ்லிம்கள் பலர் கோரங்கத்துப் பள்ளிவாசலில் அடக்கமாயினர்.

காற்று மிகுந்த வாசலின் வழியே சென்றவர்கள் காற்றில்லாமல் மாண்டார்கள். அவர்களுக்கு அக்கணவாயின் ஏற்றம் எத்தனை மீட்டர்? கைக்கடிகாரத்தில் அதற்குக் கணக்கு உண்டா?

இதைக் கேட்டு என் மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே ஹஜ்ரத். தெரிந்திருந்தால் அந்த வழியில் சிரித்துக்கொண்டு போயிருக்க மாட்டோம்" என்றான். நான் அதை ஒப்பவில்லை. "சிரித்துக்கொண்டே போயிருக்கலாம் தம்பி. போத்தனூர் நிலையத்தில் இறங்கி ஒரு நிமிடம் நின்றிருக்கவும் செய்யலாம். இரண்டும் ஒரே நாளில் ஒருவனுக்கு இயலாதவையல்ல" என்றேன். மாண்டவர்களை எண்ணி உலகின் வழிகளிலெல்லாம் அழுதுகொண்டே போக வேண்டுமென்றால் நடப்பதற்கு வழியே மிஞ்சாது. ஆயினும், அறியாமையே இன்பத்திற்கு நிபந்தனை என்றால் அது எளிய இன்பம்.

அவன் கனவு காணும் டோலமைட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அங்கே 2,239 மீட்டர் உயரத்தில் போர்தோய் என்னும் கணவாய் உள்ளது. 1909இல் முடிந்த பெருஞ்சாலை அதன்மேல் ஏறுகிறது. ஆறே ஆண்டுகளில், 1915இல், அம்மலைகள் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர்முனையாயின. பாறையைக் குடைந்தும் பனிப்பாளத்தைக் குடைந்தும் படைகள் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே இருந்தன. 1916 டிசம்பர் 13ஆம் நாள் மார்மொலாதா மலையில் சரிந்த பனி ஒன்று மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களைப் புதைத்தது. இன்று போர்தோய்க் கணவாயில் இரண்டு நினைவுச் சின்னங்கள் உள்ளன. ஒன்று ஃபவுஸ்தோ கோப்பி என்னும் புகழ்பெற்ற மிதிவண்டி வீரருக்கு. மற்றொன்று ஆயிரக்கணக்கான போர்வீரர்களின் எலும்புகளைக் கொண்ட வட்டக் கல்லறை மண்டபம். 2009இல் யுனெஸ்கோ அம்மலைகளை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. ஏறி வரும் வண்டிக்காரர்கள் முதலாவதின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது இயல்பு. மண்டபத்துக்குச் சிறிது தூரம் நடக்க வேண்டும்.

வழிப்போக்கருள் பெரியவரான இப்னு பதூதா இவ்வகையில் எனக்குப் பிடித்தவர். அவரிடம் குறைகள் உண்டு. தற்பெருமையும் கொஞ்சம் உண்டு. 1333ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்துகுஷ் மலையைக் கடந்து இந்தியாவுக்கு வந்தார். ஒட்டகங்கள் பனியில் புதையாதிருக்க அவற்றின் காலடியில் கம்பளிகளை விரித்துக்கொண்டே கடந்ததாக எழுதுகிறார். தாம் பட்ட துன்பத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அம்மலைக்கு ஏன் அப்பெயர் என்பதையும் பதிவு செய்கிறார்: இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் குளிரிலும் பனியிலும் அங்கே மடிந்தமையால் அப்பெயர் வந்ததாம். பெயர்க்காரணம் சரியா என்று அறிஞர் ஆராயட்டும். அவர் காலத்தில் அடிமை வணிகத்தைத் தவறென்று எண்ணியவர் குறைவு. அவரும் அப்படி எண்ணியவரல்லர். ஆயினும் அவ்வழியே கால் வெந்து போனவர்களின் சுவடு அவர் ஏட்டில் விழுந்துவிட்டது. அதே மலையைக் கடந்த வணிகர் எத்தனை பேர்! அடிமையின் கழுத்தை விடுவிப்பதே அகபா என்று ஓதிக்கொண்டே, கழுத்தில் கயிறு கட்டிய அடிமைகளை அகபாவில் ஏற்றிச் சென்ற முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். சென்னை, திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களிலிருந்து மலையேறச் சென்ற இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "யார் இவர்களைப் போகச் சொன்னது?" என்று அப்போது பலர் கேட்டனர். அது கல்நெஞ்சர் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மலையைக் காணப் போனவர் தீயில் வேகத் தக்கவர் என்று எந்த நீதிநூலும் சொல்லாது. நான் எண்ணுவது வேறொன்றை. தீயைக் கண்டு முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி வட்டாரத்து ஊரார். இருட்டில், எரிந்த புல்லின் மேல், போர்வைகளைத் தூளியாக்கி அவர்கள் பட்டணத்துப் பிள்ளைகளைச் சுமந்து இறக்கினர். அச்சரிவு அன்று காலையில் ஒரு காட்சி. மாலையில் அதுவே அகபா. மீட்டர்க் கணக்கில் மாற்றம் ஏதுமில்லை.

அதற்குப் பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் நாற்பது பாதைகளைப் பதிவு செய்து, கட்டணம் வாங்கி, வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. நம் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அவற்றுள் ஒன்று. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், கூழாங்கற்கள் இறுகி உருவான பாறையில் இயற்கை குடைந்த இருப்பிடங்கள் அவை. அருகே உள்ள அதிரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகளால் உலக அறிஞர் நோக்கு நம் மண்மீது திரும்பிற்று. அவ்விடத்துக் கருவிகளின் காலம் 15 இலட்சம் ஆண்டு என்பது அண்மைய ஆய்வு. கட்டணம் அதிகம் என்று என் மாணவன் முணுமுணுக்கிறான். எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. மலையடிவாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கியுள்ளனர். காடு தெரிந்தவன் கூலிக்கு விறகு சுமந்த காலம் போய், காடு தெரிந்ததற்கே கூலி பெறுகிறான். காண்பவன் காணும் மலையில் வாழ்கிறவன் அவன் முன்னே நடக்கிறான். அவன் பெயரைக் கேட்டறிய வேண்டிய கட்டாயம் காண்பவனுக்கு ஏற்படுகிறது. கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு அவனுக்குச் சேர்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் மலையேறுவோரின் கடமை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மீண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்குப் போவதாக அவன் சொல்கிறான். இம்முறை எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே மெதுவாக. அங்கே கணவாயைக் குறுக்கே கடப்போரும் உண்டு. நீலகிரிப் பக்கத்து யானைகளுக்கு அந்தக் காட்டோரம் பழைய வழி. மனிதர் அதில் தண்டவாளம் போட்டனர். 2021 நவம்பரில் நவக்கரை அருகே இரவு இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. யானைக்குப் பேருந்தும் இல்லை, வேறு வழியும் இல்லை. இப்போது அங்கே தண்டவாளத்துக்குக் கீழே யானை செல்லச் சுரங்கப் பாதைகள் அமைத்துள்ளனர். 2024 பிப்ரவரி முதல் மதுக்கரையில் பன்னிரண்டு கோபுரங்களில் வெப்பம் உணரும் கேமராக்கள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறையினர் இரயில்வேக்குச் செய்தி அனுப்புவர். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். சென்னைக்கும் மலபாருக்கும் இடையே ஓடும் அந்த இரயில்களில் தூங்கிக்கொண்டிருக்கும் நமக்கு வண்டி ஏன் மெதுவாயிற்று என்று தெரியாது. சில நிமிடம் தாமதம் என்று மட்டும் தெரியும்.